திரைக்கூடம்: வாசகர் கேள்வி–பதில்

மூன்று நடிகர்கள், ஒரு வீடு, ஒரு கடத்தல். ஒன்றரை மணி நேரம் தாங்குமா?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

தாங்கும். 2009-இல் வந்த 'தி டிஸ்அப்பியரன்ஸ் ஆஃப் ஆலிஸ் கிரீட்' என்ற பிரிட்டிஷ் படத்தில் நடித்தவர்களே மூன்று பேர்தான்: கடத்தும் இருவர், கடத்தப்படும் பெண். பணம் தரவேண்டிய அப்பாவின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்பது மாறிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. உங்கள் திரைக்கதைக்கும் மூன்று பத்தி போட்ட அட்டவணை ஒன்று எழுதுங்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் மூவரில் யாருக்கு எது தெரியும் என்று குறியுங்கள். அடுத்தடுத்த இரண்டு காட்சிகளில் எதுவும் மாறவில்லை என்றால் அதில் ஒன்று தண்டம்.

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடு ஒன்று கிடைக்கும்போல. எடுக்கலாமா?
(முத்தியால்பேட்டை வாசகர்)

அழகுக்கு மயங்காதீர்கள். உயரமான கூரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். கிசுகிசுப்பான வசனமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சனி, ஞாயிறுகளில் தெருவில் சுற்றுலா ஸ்கூட்டர்கள் வேறு. சாதாரண கான்கிரீட் வீடு போதும். முக்கிய அறை 12-க்கு 14 அடியாவது இருக்கட்டும். அதைவிடச் சிறியதென்றால் வைட் லென்ஸ் போடவேண்டி வரும், முகம் கோணும். யூனிட் உட்கார இன்னொரு அறை அவசியம்.

பார்க்கப் போகும்போது ஹெட்போனும் ரெக்கார்டரும் எடுத்துப்போங்கள். விடியற்காலை, நண்பகல், இரவு எட்டு மணி என மூன்று வேளையும் பத்து நிமிடம் பதிந்து கேளுங்கள். ரயில் பாதை, கல்யாண மண்டபம், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆடியும் மார்கழியும் தனிக்கணக்கு. எதிரொலிக்கு, ஃபிரேமுக்கு வெளியே தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்தியே டேக் போகவேண்டும். கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திரும்ப ஓடவிட மறக்காது. வியர்வை வழியத்தான் செய்யும், கதைக்கு நல்லது. கிளம்பும் முன் வெற்று அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள், எடிட்டர் வாழ்த்துவார்.

ஜன்னலை அடைக்கும் வேலையைக் கடத்தல்காரர்களிடமே விடுங்கள். கதையில் அவர்கள் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டால், பகல் காட்சியை இரவிலும் எடுக்கலாம். திறந்த கிழக்கு ஜன்னல் என்றால் காலை வெயில் நகர நகர ஒரு ஷாட்டோடு அடுத்த ஷாட் ஒட்டாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே படத்தில் விளக்கு சிமிட்டாமலிருக்க, நொடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 வையுங்கள். 24 ஃபிரேம்தான் வேண்டுமென்றால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி. மலிவான எல்இடி பல்பு அப்போதும் சிமிட்டும், முந்தின நாளே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நடிகையை நாற்காலியில் கட்டும் காட்சியில் கவனிக்க வேண்டியவை?
(கடலூர் முதுநகர் வாசகர்)

தேங்காய்நார்க் கயிறு தோலை உரிக்கும். நைலான் இழுக்க இழுக்க இறுகும். 8 முதல் 10 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு வாங்கி டிகாக்‌ஷனில் ஊறவைத்துக் காயவையுங்கள், பழுப்பேறி நார்க் கயிறுபோலத் தெரியும். மணிக்கட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் போகவேண்டும். பின்னால் கட்டிய கையைக் கேமரா பார்க்காத ஷாட்டில் முடிச்சே வேண்டாம், நுனியை அவரே பிடித்துக்கொள்ளட்டும். பார்க்கும் ஷாட்டில், நுனியை இழுத்ததும் அவிழும் உருவு முடிச்சு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, விரல் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வாய்க்குள் துணி திணிக்கவே கூடாது. மேலே கட்டினால் போதும், மூக்கு திறந்திருக்கட்டும். டேப் ஒட்டுவதானால் உதடு படும் இடத்தில் முன்கூட்டியே பருத்தித் துணி வைத்துவிடுங்கள், இரு ஓரம் மட்டும் கன்னத்தில் பிடிக்கும். தலைமூடி மெல்லிய பருத்தியில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பை ஒரு விநாடிக்குக்கூட வேண்டாம். வாய் கட்டியவரால் 'நிறுத்து' என்று சொல்ல முடியாது. கையில் சாவிக்கொத்து கொடுங்கள். அது கீழே விழுந்தால் உடனே கட். பேண்டேஜ் வெட்டும் கத்தரிக்கோல் ஒரு உதவி இயக்குநரின் சட்டைப்பையிலேயே இருக்கவேண்டும். ஆளோடு நாற்காலியைச் சாய்க்கும் வீரமெல்லாம் ஸ்டன்ட் மாஸ்டர் இல்லாமல் வேண்டாம்.

ஒரே வீடு என்பதால் கதை வரிசையிலேயே படமெடுங்கள். தாடி, காயம், சட்டை அழுக்கு மூன்றும் தானாகவே வரிசையில் நிற்கும். அதே சட்டையில் நான்கு வாங்குங்கள்.

கதை கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறது. என்ன பிழை வரும்?
(பாகூர் வாசகர்)

முதலில் நம்பர் பிளேட்: கடலூர் டிஎன் 31, புதுச்சேரி பிஒய் 01. அடுத்து தொப்பி: புதுச்சேரிக் காவலருக்குச் சிவப்புத் தொப்பி. தமிழகக் காவலர் உடையை எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டியும் மாட்டிவிட்டால் உங்கள் ஊர்க்காரரே சிரிப்பார். பாகூர்ப் பக்கம் இரு எல்லையும் பின்னிக்கிடப்பதைக் கதைக்குப் பயன்படுத்தலாம்: யாருடைய வழக்கு என்று இரண்டு ஸ்டேஷன் இழுபறி செய்வதை போனில் ஒரு குரலாகவே முடித்துவிடலாம், நடிகர் செலவில்லை. வசனத்தில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் '364ஏ' பிரிவை எழுதாதீர்கள். 2024 ஜூலை 1 முதல், பணம் கேட்டுக் கடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 140(2).

ரோட்டில் கடத்தல் காட்சி எடுத்தால் யாராவது 112-க்கு அடித்துவிடுவார்களோ?
(வில்லியனூர் வாசகர்)

அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். அனுமதி வாங்குவதோடு நில்லாமல், தேதி, நேரம், வண்டி எண், பொம்மைத் துப்பாக்கியின் படம் எல்லாம் போட்டு அந்தப் பகுதி ஸ்டேஷனில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒளித்துவைத்த கேமராவில் இந்தக் காட்சியை எடுக்கவே கூடாது.

சென்சாரில் 'ஏ' கொடுத்துவிட்டால்?
(பண்ருட்டி வாசகர்)

'ஏ' படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. சாட்டிலைட் உரிமை அடிபடும். இப்போது யுஏ-விலேயே 7+, 13+, 16+ என மூன்று படிகள் உண்டு. 16+ஐக் குறிவைத்து, சித்திரவதை ஷாட்டுகளுக்கு மாற்றாக எதிரே நிற்பவரின் ரியாக்‌ஷனையும் அதே நாளில் எடுத்து வையுங்கள்.