ஒரே அதிர்ச்சியை இரண்டு பேர் உடம்பு வேறு வேறாக எடுத்துக்கொள்வது மரபணுவாலா?

நீங்கள் கேட்டிருப்பது: நிலநடுக்கம் வந்தபோது நீங்களும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தீர்கள், உங்களுக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. இது பிறவிக் கூறா, அவள் மனம் பலவீனமா?

நான் உங்கள் தங்கையின் இடத்தில் இருந்தவள். 2025 மார்ச் 28, மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்பு மியான்மரின் மண்டலேயில் எங்கள் வீட்டுச் சுவர் ஆடியபோது நானும் தம்பியும் அடுப்படியில் இருந்தோம். 7.7 அளவு. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். அன்று ராத்திரி தெருவோரம் தார்ப்பாய் விரித்துப் படுத்தோம். படுத்த கொஞ்ச நேரத்தில் தம்பி தூங்கிவிட்டான். எனக்கோ இரண்டு மாதம் கழித்தும் லாரி போனால் நெஞ்சு படபடக்கும். சொந்தக்காரர்கள் "மனசைத் திடமா வச்சுக்கம்மா" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அது வலித்தது. அப்புறம்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆபத்து என்று மூளை உணர்ந்த சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. அதன் பின்னால் மெதுவாக வருவது கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதாலமஸ், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும். ரத்தத்தில் கார்ட்டிசால் உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகலாம். பாதை எல்லோருக்கும் இதுதான். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, இதை அணைக்கிற வேலை.

கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், அங்குள்ள ஏற்பிகளில், அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில், ஒட்டிக்கொண்டு "போதும்" என்று சொல்ல வேண்டும். எஃப்கேபிபி5 என்ற புரதம் அந்த ஏற்பியின் பிடிப்பைத் தளர்த்தும். கார்ட்டிசால் கூடும்போது இந்தப் புரதமும் கூடும். இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே கூடுகிறது. அப்போது ஏற்பிக்குக் காது மந்தமானதுபோல் ஆகிறது. அணைக்கும் உத்தரவு தாமதமாகிறது. முன்பின் தெரியாதவர்கள் முன் பேச வைத்து, மனக்கணக்கும் போடச் சொல்லும் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று உண்டு. அதில் நோய் எதுவும் இல்லாதவர்களிடமே இந்தத் தாமதத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இந்த வடிவம் உள்ளவர்கள் சின்ன வயதில் கொடுமைக்கு ஆளாகியிருந்தால், அந்த மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் என்ற சின்ன வேதிக் குறிகளில் சில உதிர்ந்து, பெரியவர்கள் ஆன பிறகும் அப்படியே இருந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அது வாசிக்கப்படும் விதம் மாறியிருந்தது. அதே வடிவம் இருந்தும் அப்படிக் கஷ்டப்படாதவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. பிறவிக் கூறா, வாழ்க்கையா என்று பிரித்துக் கேட்பதே சரியில்லை என்று அதைப் படித்தபோதுதான் எனக்குப் பட்டது.

அதற்காக உங்கள் தங்கைக்கு "அந்த மரபணு" இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூளையில் செய்தி கடத்த உதவும் செரடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப எடுத்துச்செல்லும் 'கடத்தி'க்கான மரபணுவின் குட்டை வடிவம் இருந்தால் கஷ்டகாலத்தில் மனச்சோர்வு வரும் என்று 2003-ல் வந்த ஆய்வு பெரிய பரபரப்பானது. 2009-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பங்களிக்கும் ஏராளமான மரபணுக்கள் இதில் இருக்கின்றன. கூடப்பிறந்தவர்களுக்குள் மாறுபடக்கூடிய மரபணுக் கூறுகளில் சராசரியாகப் பாதிதான் பொது. எனக்கும் தம்பிக்கும் அவ்வளவுதான். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல் மனச்சோர்வுக்குச் சொன்ன மரபுப் பங்கு சுமார் 37 சதவீதம். மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் அவ்வளவு மரபால் வருகிறது என்று அர்த்தம். ஒரு ஆளின் துக்கத்தை அப்படிப் பங்கு போட முடியாது.

எங்கள் அப்பத்தா 1942-ல் குண்டுக்குப் பயந்து நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களில் ஒருவர், போர் முடிந்து திரும்பி வந்தார். "அந்தப் பயம்தான் உன் ரத்தத்தில் இருக்கு" என்று பெரியப்பா சொல்வார். எலிகளில் இதற்குச் சில தடயங்கள் உண்டு. மனிதர்களில் பாட்டியின் பயம் மரபணுக் குறியாகப் பேத்திக்கு இறங்குகிறது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. பயந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தேன், அது வேறு வழி.

சரி, தங்கைக்கு என்ன செய்யலாம்? மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சிகிச்சை தொடங்க அது தேவையே இல்லை. தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுவது, அந்த நாள் கண்முன் வந்துபோவது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நான் போனேன். பேச்சு வழிச் சிகிச்சைதான், சில வாரத்தில் தூக்கம் திரும்பியது. அதுவரை அவளை ராத்திரி தனியாகப் படுக்கவிடாதீர்கள். எனக்குத் தம்பி வாசலோரம் பாய் போட்டுப் படுத்தான், நான் எழுந்தால் அவனும் எழுந்து உட்காருவான்.