கண்ணாடித் துண்டுகளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அன்புள்ள ஐயா,

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் எவர்சில்வர் கிண்ணங்களையும் மேசைமேல் அடுக்கிவைத்துப் புகைப்படம் எடுப்பதாகவும், படிப்பை நிறுத்திவிட்டு அதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். "இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்ற தங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இதே வேலையைச் செய்த ஒரு பெண்மணிக்குப் பாரிஸின் ஆடை, வாசனைத் திரவிய நிறுவனமான லான்வின் கொடுத்தது.

அவர் பெயர் ஃப்ளோரன்ஸ் ஆன்ரி. 1893இல் நியூயார்க்கில் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்தவர். இத்தாலிய இசைமேதை புசோனியிடம் பியானோ பயின்று, பின்னர் இசையை விட்டு ஓவியத்துக்கு வந்து, பாரிஸில் ஃபெர்னான் லெஜே என்ற ஓவியரிடம் கற்றவர். 1927இல் ஜெர்மனியின் டெசாவ் நகரிலிருந்த பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்குச் சென்றபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். அப்போது அந்தப் பள்ளியில் புகைப்படத்துக்கென்று தனி வகுப்பே கிடையாது. அது 1929இல்தான் தொடங்கியது. அங்கே ஆசிரியராக இருந்த கலைஞர் மொஹோலி-நாட்ஜின் வகுப்பில் அமர்ந்ததும், அவருடைய மனைவி லூசியா மொஹோலி என்ற புகைப்படக் கலைஞரின் ஊக்குவிப்பும்தான் ஆன்ரியைக் கேமராவின் பக்கம் திருப்பின. "எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?" என்று முதலில் கேட்கும் பெற்றோரிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

1928இல் அவர் எடுத்த தற்படத்தைத் தங்கள் மகளுடன் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். நீண்ட மேசையின் கோடியில் உயரமான கண்ணாடி ஒன்று சாத்தப்பட்டிருக்கிறது. அதன் அடியில் இரண்டு உலோகப் பந்துகள், பிம்பத்தோடு சேர்ந்து நான்காகத் தெரிகின்றன. கைகளைக் கட்டிக்கொண்டு மேசையருகே அமர்ந்திருக்கும் ஆன்ரியையோ நாம் கண்ணாடிக்குள் மட்டுமே காண்கிறோம். எது மேசை, எது மேசையின் பிம்பம் என்று கண் சற்றே தடுமாறுகிறது. இத்தனைக்கும் பயன்பட்டவை ஒரு கண்ணாடி, இரண்டு பந்துகள், ஒரு மேசை. ஆகவே, இலட்ச ரூபாய்க் கேமராவுக்குக் கடன் வாங்குவது பற்றித் தாங்கள் இப்போது கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டே அவருடைய படங்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த 'ஃபிலிம் உண்ட் ஃபோட்டோ' (திரைப்படமும் புகைப்படமும்) கண்காட்சியில் இடம்பெற்றன; பாரிஸில் சொந்தமாக ஸ்டுடியோவும் திறந்தார். லான்வினுக்காக அவர் எடுத்த விளம்பரப் படங்களில் பார்வையின் அதே விளையாட்டுத்தான் இருந்தது. சோதனை முயற்சிக்கென ஒரு கண்ணையும் பிழைப்புக்கென இன்னொரு கண்ணையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. உருவப்படங்கள் எடுத்தார், மாணவர்களுக்கும் கற்பித்தார். பின்னாளில் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்கள் ஜிசேல் ஃப்ராய்ண்டும் லிசெட் மாடலும் அவரிடம் பயின்றவர்களே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆன்ரிக்குப் பரம்பரைச் சொத்திலிருந்து வருமானம் இருந்தது; பலவற்றைக் கற்று, சிலவற்றை விட்டுவிட அதுவே இடம்கொடுத்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அந்த வருமானம் சுருங்கியபோது அவருக்குக் கைகொடுத்தவை ஸ்டுடியோவும் வகுப்புகளும். அத்தகைய சொத்து இல்லாத வீட்டுப் பெண்ணிடம் பட்டப்படிப்பைப் பாதியில் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், ஒளி எதிரொளிப்பையும் லென்சையும் பாடமாகவே படிக்கும் ஒருவர் கண்ணாடியோடு மல்லுக்கட்டும்போது அந்தப் படிப்பு வீணாகப் போவதுமில்லை.

எனவே, மீதமுள்ள காலத்தையும் அவர் கல்லூரியிலேயே முடிக்கட்டும். வாரத்தில் ஒரு நாளைத் தடையின்றி அவருக்கே விட்டுவிடுங்கள். பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவற்றுள் குறைந்தது நான்கு படங்கள் விற்பனைக்குரிய ஒரு பொருளை, சோப்போ நகையோ காப்பித்தூள் டப்பாவோ, அவருடைய கண்ணாடி முறையிலேயே காட்டுபவையாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கு எங்கே இருந்தது, கண்ணாடி எந்தக் கோணத்தில் நின்றது என்று இரண்டு வரி எழுதி, படங்களோடு எனக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றி அவற்றைப் பார்த்த பிறகு மூவருமாக அமர்ந்து பேசலாம்.