வாசகர் கேள்வி – பதில்: கூப்பன் காலத்து பாலே உடைகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் துணி வாங்கவே கூப்பன் வேண்டுமாமே. அப்படியிருக்க பாலே குழுக்களுக்கு மட்டும் சாட்டினும் வெல்வெட்டும் எங்கிருந்து கிடைத்தன?

பதில்: புதிதாகக் கிடைத்தது கொஞ்சம்தான். பழையதைப் பிரித்துத் தைத்ததே அதிகம். 1941 ஜூன் 1 முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். பெண்களுக்கான ஷூ ஒரு ஜோடிக்கு 5, காலுறை ஜோடிக்கு 2, கம்பளி கவுனுக்கு 11. வெட்டுத்துணி வாங்கினால் 36 அங்குல அகலத்தில் கஜத்துக்குக் கம்பளியானால் 3, மற்றதற்கு 2. அரசவைக் காட்சியில் ஒரு சீமாட்டி தரையில் இழுத்துக்கொண்டு வரும் 6 கஜ வெல்வெட் அங்கிக்கே 12 கூப்பன் போய்விடும். கையில் காசு இருந்தும் பயனில்லை.

போர் முடிந்தால் இளகும் என்று பார்த்தால் இன்னும் இறுகியது. 1945 செப்டம்பரிலிருந்து 1946 ஏப்ரல் வரை, 8 மாதத்துக்குச் சேர்த்தே 24 கூப்பன். அந்த நெருக்கடிக்குள்தான், 1946 பிப்ரவரி 20 அன்று, போர்க்காலம் முழுக்க நடனக் கூடமாக ஓடிய லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யுடன் மறுபடி திறந்தது. கதாநாயகி அரோராவாக மார்கோ ஃபான்டெய்ன். காட்சியும் உடையும் ஆலிவர் மெஸ்ஸல். ரசிகர்கள் தங்கள் சொந்தக் கூப்பன்களைக் கொடுத்து உதவினார்கள். தாங்கள் ஒரு புதுச் சட்டையைத் துறந்து மேடையில் ஒரு தேவதைக்குப் பாவாடை வாங்கித் தந்தார்கள் என்றே சொல்லலாம்.

கேள்வி: லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழு தன் உடைகளை ஹாலந்தில் விட்டுவிட்டு ஓடி வந்தது உண்மையா?

பதில்: உண்மை. 1940 மே மாதம் அங்கே சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். 10-ஆம் தேதி ஜெர்மானியப் படை நுழைந்தது. சரக்குக் கப்பலில் ஆட்கள் தப்பினார்கள். காட்சித் திரைகள், உடைகள், இசைத்தாள்கள் எல்லாம் போயின. உடையையாவது மறுபடி தைத்துவிடலாம். ‘ஹாரஸ்கோப்’ பாலேவுக்கு கான்ஸ்டன்ட் லாம்பெர்ட் எழுதிய முழு இசைத்தாளும் தொலைந்ததால் அந்தப் பாலேயே வழக்கொழிந்தது. ‘செக்மேட்’ பாலேவுக்குக் காட்சியையும் உடைகளையும் மெக்நைட் காஃபர் 1947-இல் புதிதாக வரைந்து கொடுத்தார்.

கேள்வி: 1940-களில் நடக்கும் கதைக்காக ஒரு டூட்டூ (பாலே ஆடுபவரின் அடுக்கடுக்கான குட்டைப் பாவாடை) தைக்க வேண்டும். இன்றைய டூட்டூ தட்டு மாதிரி விறைத்து நிற்கிறது. பழைய படங்களில் தொய்ந்து இருக்கிறது. என்ன வித்தியாசம்?

பதில்: வித்தியாசம் துணியில். இன்று நைலான் நெட் (வலைத்துணி). அன்று பருத்தி நெட்டும் டார்லட்டன் என்கிற இழை விலகிய பருத்தித் துணியும். அவற்றுக்கு விறைப்பைத் தருவது கஞ்சி. வியர்வையும் ஈரக்காற்றும் பட்டால் கஞ்சி இளகும், விளிம்பு தொங்கும். துவைத்தாலோ கதை முடிந்தது: அடுக்குகளைப் பிரித்து, மறுபடி கஞ்சி போட்டு, தேய்த்து, திரும்பச் சுருக்கம் வைத்துத் தைக்க வேண்டும். அதனால் கூடுமானவரை துவைக்காமல், உள்ளே ஜட்டிப் பகுதியை மட்டும் துடைத்து உலர்த்தினார்கள்.

அந்தத் தோற்றத்துக்கு 7 அடுக்கு போதும். 10, 12 என்று போகாதீர்கள். மேலடுக்கு 36 செ.மீ. உயரம், கீழே வர வர 4 செ.மீ. குறைத்து, கடைசி 12 செ.மீ. 150 செ.மீ. அகல நெட்டைக் குறுக்காக வெட்டினால் அடுக்குக்கு 3 பட்டை. இணைத்தால் நாலரை மீட்டர் சுற்றளவு. மொத்தம் 5 மீட்டருக்குச் சற்று மேல் துணி.

தைப்பது கீழிருந்து மேலே. குட்டையான அடுக்கைத் தொடையோரத்தில் முதலில் பிடித்து, ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டு அடுத்தது. மேலிருந்து தொடங்கினால் மெஷினின் பாதம் உள்ளே நுழையவே நுழையாது. சுருக்கத்துக்கு இரண்டு வரி ஓட்டுத்தையல் போடுங்கள். ஒற்றை நூல் பாதி இழுப்பில் அறுந்தால் நாலரை மீட்டரையும் முதலிலிருந்து சுருக்க வேண்டும். ஓரங்களை மடிக்க வேண்டாம், கனம் கூடும். கடைசியாக, அடுக்குகளை ஒன்றோடொன்று 2 செ.மீ. நீளத் தளர்ந்த நூல் கண்ணிகளால் அங்கங்கே பிணையுங்கள். பலரும் கெடுப்பது இங்கேதான்: நூலை இறுக்கிவிட்டால் பாவாடை குடைபோல் மடங்கிவிடும். எஃகு வளையம் வைக்காதீர்கள். வைத்தால் நீங்கள் கேட்ட தொய்வு வராது. மாட்டி வைக்கும்போது தலைகீழாக.

பாடிஸின் (இடுப்புக்கு மேலுள்ள இறுக்கமான மேல்சட்டையின்) முதுகில் கொக்கிக்கு எதிர்ப்பக்கம் நூல் கண்ணிகளை இரண்டு மூன்று வரிசையாகப் போட்டுவிடுங்கள். ஒரே உடையை வேறு வேறு அளவுப் பெண்கள் மாற்றி மாற்றிப் போட இதைவிட எளிய வழி கிடையாது.

கேள்வி: கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயின்ட் ஷூ சீக்கிரம் போய்விடுமே, தட்டுப்பாட்டில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஷூவில் விரல்களைத் தாங்கும் முனைப்பெட்டி என்பது சாக்குத்துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டியது. வியர்வை பசையை இளக்குகிறது. பெரிய வேடம் ஆடுபவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி போய்விடும். ஆகவே இரண்டு மூன்று ஜோடிகளைச் சுழற்சியில் வைத்து, ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு நாளாவது நிழலில் உலர விட வேண்டும். அடுப்பருகே வைத்தால் பசை நொறுங்கும். இளகிய முனைக்குள் ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் (அரக்கு) சில சொட்டு விட்டு, சுற்றிப் பரப்பி, மறுநாள்தான் கால் நுழைக்க வேண்டும். விரல் மடங்கும் இடத்துக்கு அது ஓடிவிட்டால் ஷூ வளையாது, வெடிக்கும். சாட்டின் முதலில் கிழிவது நுனியில். அங்கே தடித்த பருத்தி நூலால் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்துவிட்டால் கிழிசல் பரவாது, வழுக்கலும் குறையும். செத்த ஷூவிலிருந்து நாடாவைப் பிரித்து அடுத்ததற்கு மாற்றலாம்.

ஷூ செலவில்லாத பாலேயும் உண்டு. 1940 ஜனவரியில் அரங்கேறிய ‘டான்டே சொனாட்டா’வை வெறுங்காலோடு ஆடினார்கள். ஆனால் அது சிக்கனத்துக்காக அல்ல, நடனத்தை அமைத்த ஃபிரெடரிக் ஆஷ்டனின் கலைத் தீர்மானம். அப்போது துணிப் பங்கீடே வரவில்லை.

கேள்வி: ரப்பர் கிடைக்காத காலத்தில் டைட்ஸ் (காலோடு ஒட்டிய உடை) இடுப்பில் எப்படி நின்றது?

பதில்: 1942-இல் ரப்பர் விளையும் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் எலாஸ்டிக் அரிதாயிற்று. ஆனால் நடனக்காரர்களிடம் அதற்கு முன்பே ஒரு வித்தை இருந்தது. டைட்ஸின் மேல்விளிம்பில் இரு பக்கமும் ஒரு பென்னி காசை வைத்து, துணியோடு முறுக்கி, அந்தக் குமிழைச் சுற்றி நாடாவைக் கட்டி இடுப்பில் இழுத்து முடிவார்கள். நைலானுக்கு முந்தைய பருத்தி, பட்டு டைட்ஸ் முட்டியில் பை போட்டதுதான் தீராத தொல்லை.

கேள்வி: பாராசூட் பட்டில் டூட்டூ தைக்கலாமா?

பதில்: நிற்காது. அது உடலோடு வழியும் துணி. முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடைக்கும் தளர்ந்த மேலங்கிக்கும் அருமையாக இருக்கும். பாராசூட்டின் துண்டுகள் ஒரு முனையில் குறுகிய நீள் முக்கோணங்கள் என்பதால், குறுகிய பக்கம் இடுப்புக்கு வரும்படி வெட்டினால் துணி வீணாகாது. பட்டா நைலானா என்று ஓர நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு கருகிப் பொடியாகும், நைலான் உருகி மணியாகும். நைலானாக இருந்தால் இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் குறைத்துவிட்டுத் தொடுங்கள்.