ட்ரிப் ஆகவில்லை என்றால் பயமில்லையா?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் கீசருக்கான பிளக் பாயிண்ட் படுக்கையறைப் பக்கம் இருக்கிறது. கீசர் போட்டுக் கால் மணி நேரம் ஆனால் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. சில நாள் மீன் வாடை மாதிரியும் இருக்கிறது. அணைத்தால் போய்விடும். சாக்கெட்டில் ஒரு துளையைச் சுற்றி மஞ்சள் பூத்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்து, “கரன்ட் வருது, எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். “ஆபத்துன்னா எம்.சி.பி. ட்ரிப் ஆகியிருக்குமேம்மா” என்கிறார் மாமனார் (மெயின் போர்டில் இருக்கும், தானாக விழும் சுவிட்சைச் சொல்கிறார்). அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் கட்டில். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இதைப் படித்த கையோடு அந்த பாயிண்டுக்கான எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். பிளக்கைப் பிடுங்குவது அதற்கு அப்புறம்தான். உருகி இளகிய பிளக்கை மின்சாரம் இருக்கும்போது இழுத்தால் அதன் உலோகப் பின் மட்டும் உள்ளே நின்றுகொண்டு, மூடி கையோடு வந்துவிடும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சுவிட்ச் வரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. தவிர, கரியாகிப்போன பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும். எம்.சி.பி. மேல் ஒரு டேப் ஒட்டி, ‘போடாதீர்கள்’ என்று எழுதி வையுங்கள். காலை அவசரத்தில் யாராவது தட்டிவிடுவார்கள். வேலை முடியும் வரை குழந்தையின் கட்டிலை வேறு பக்கம் போடுங்கள்.

உங்கள் மாமனார் சொல்வதைப் பெரும்பாலான வீடுகளில் கேட்கிறேன். அவர் மீது தப்பில்லை, எம்.சி.பி.யைப் பற்றி நம்மிடம் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அளவுக்கு மீறி கரன்ட் ஓடினால் அது விழும், ஷார்ட் சர்க்யூட் ஆனால் விழும். அவ்வளவுதான் அதன் வேலை. உங்கள் வீட்டில் நடப்பது இந்த இரண்டுமே இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் லூஸ் கனெக்‌ஷனைத்தான் காட்டுகின்றன.

கணக்காகவே பார்ப்போம். 2,000 வாட்ஸ் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். வயரும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் திருகு தளர்ந்து, அங்கே அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவதுதான் சூடு. ஒன்பதின் வர்க்கம் 81, அதில் பாதி 40. அதாவது, மிளகு அளவு இடத்தில் 40 வாட்ஸ் சூடு. ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான். ஆனால் எம்.சி.பி.க்குத் தெரிவது என்ன? அதே 9 ஆம்பியர்தான்; சொல்லப்போனால் ஒரு துளி குறைவு. 16 ஆம்பியரை நன்றாகத் தாண்டினால்தான் விழும் எம்.சி.பி. எதற்காக விழப்போகிறது? போர்டில் ஆர்.சி.சி.பி. என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். அது எர்த்துக்குக் கசியும் கரன்ட்டைப் பார்ப்பது. ஷாக்கிலிருந்து உயிரைக் காக்கும், கட்டாயம் வேண்டும். ஆனால் லூஸ் கனெக்‌ஷனில் கசிவே இல்லையே!

டெஸ்டர் விஷயமும் இதே கதைதான். அதிலிருக்கும் நியான் விளக்குக்குத் துளியூண்டு கரன்ட் போதும். பத்து இழை வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பளிச்சென்று எரியும். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கத்தான் டெஸ்டர். இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத் திறந்துதான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட சாக்கெட்டுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். முகப்பில் ஒரு மஞ்சள் வட்டம்தான் தெரியும். பின்னால் திருப்பினால் அந்த இடம் கருத்து, கொப்புளம் கொப்புளமாக இருக்கும். திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் அழுத்தாமலேயே அரைச் சுற்று சுற்றும். வயரின் மேலுறை மொறுமொறுவென்று காய்ந்து, லேசாக வளைத்தாலே உதிரும். உள்ளே செம்பு செம்பாக இருக்காது, கருநீலமாகியிருக்கும். சூட்டில் செம்பு ஆக்சைடு ஆகிறது, அது தடையைக் கூட்டுகிறது, தடை கூடினால் இன்னும் சூடு. அதனால்தான் இது தானாகச் சரியாவதே இல்லை, நாளுக்கு நாள் மோசமாகும்.

ஆகவே வேறு எலக்ட்ரீஷியனை, லைசென்ஸ் உள்ளவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய திருகை இறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள். கருத்த வயரைப் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டித் தள்ள வேண்டும். நீளம் பற்றாவிட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போடாமல் புது வயர் இழுக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சாக்கெட்டோடு கீசரின் பிளக்கையும் மாற்றுங்கள். அதன் கருகிய உலோகப் பின் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். அதே லைனில் உள்ள சுவிட்ச், ஜங்ஷன் பாக்ஸ், எம்.சி.பி.யின் திருகு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் மெக்கர் (வயரின் மேலுறையின் தடையை அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் டெஸ்ட்டும். 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சாக்கெட்டின் முகப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அவர் கிளம்புவதற்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

அதுவரை ஒரு எச்சரிக்கை. எம்.சி.பி.யை இறக்கிய பிறகும் வாடை நிற்கவில்லை, சுவர் சுடுகிறது, புகை வருகிறது என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கைக்கு எட்டினால் மெயினை அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே போய் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

கேள்வி: எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டுக்கொடுத்தார். இப்போது தொல்லையே இல்லை. சரிதானே?

பதில்: இல்லவே இல்லை! எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் வயரை. 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாது, தரவிதியே அப்படித்தான். 46 ஆம்பியரைத் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 16 ஆம்பியருக்காகப் போட்ட வயர் அத்தனை நேரம் சுவருக்குள்ளேயே வேகும். உடனே பழைய அளவுக்கு மாற்றிவிட்டு, எதனால் ட்ரிப் ஆனது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். லோடு அதிகம் என்றால் அந்த லைனிலிருந்து ஒரு சாதனத்தைப் பிரித்து, அதற்கெனத் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் போட வேண்டும்.