1984ல் கல்யாணமான எனக்கு அப்பச்சி வீட்டில் பங்கு உண்டா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. எனக்கு வயது 63. 1984ல் கல்யாணம். கணவர் தவறிவிட்டார், சென்னையில் ஒரே மகளோடு இருக்கிறேன். ஐயா (அப்பாவின் அப்பா) கட்டிய, நடு முற்றம் வைத்த வளவு வீட்டில் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ஒரு பங்கு, மற்றவை பங்காளிகளுக்கு. அதுபோக அப்பச்சி தன் சம்பாத்தியத்தில் 1975ல் வாங்கிய மனை ஒன்று இருக்கிறது. அப்பச்சி 1998லும் ஆத்தா 2019லும் காலமானார்கள். இருவரும் உயில் எழுதவில்லை. இப்போது அண்ணனும் தம்பியும் வீட்டுப் பங்கை ஓட்டல் நடத்தும் ஒருவருக்கு விற்கப் பேசியிருக்கிறார்கள். அதற்குள் தூணையும் கதவு நிலைகளையும் கழற்றி விற்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பங்கை விட்டுக்கொடுப்பதாக என்னை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "1989க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குச் சட்டத்துலயே பங்கு கிடையாது. நாங்க 1999லயே கூர்ச்சீட்டு எழுதிப் பிரிச்சாச்சு. உனக்கு அறுபது பவுன் போட்டு, சீரும் செஞ்சாச்சு" என்கிறார்கள். ஆத்தாவின் நகையும் பாத்திரங்களும் எங்கள் அறையில் இருக்கின்றன, சாவி தம்பியிடம். பங்கு கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: ஆச்சி, இதைப் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளிலும் வேண்டாம், "சும்மா சம்மதக் கடிதம்தான்" என்று நீட்டினாலும் வேண்டாம். பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்ய, ஏமாற்றினார்கள் அல்லது மிரட்டினார்கள் என்று நீங்கள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் பெண்கள் இழந்த பங்குகளில் பல அண்ணன் தம்பி பறித்ததல்ல. பதிவு அலுவலகத்துக்குக் காரில் கூட்டிப்போய், காப்பி வாங்கிக் கொடுத்து, எழுதி வாங்கியது.

உங்கள் அண்ணன் சொல்லும் 1989 கணக்கு அவராகக் கட்டிய கதை இல்லை. சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு வேண்டும் என்று 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1990ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாக வந்து, 25.3.1989 முதல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று சொன்னது. ஆனால் அதே சட்டம் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களை விலக்கியது. கல்யாணத் தேதி ஒரு மாதம் முன்பின் ஆனதால், ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு, அக்காவுக்கு இல்லை என்ற நிலை வந்தது. அன்று அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் கல்யாணமாகியிருந்த ஒரு தலைமுறைப் பெண்களை அப்படியே வாசலில் நிறுத்திவிட்டது. நீங்கள் அந்தத் தலைமுறை.

உங்கள் அண்ணனின் சட்ட அறிவு அதோடு நின்றுவிட்டது. மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 2005ல் திருத்தியது. 9.9.2005 முதல் மகள் கல்யாணமானவரா, எப்போது கல்யாணம் என்ற கேள்விக்கே இடமில்லை. "திருத்தம் வரும்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும்" என்ற வாதம் மட்டும் பல வருடம் ஓடியது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளே ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. மூன்று நீதிபதிகள் அமர்வு 11.8.2020 அன்று வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் அதை முடித்து வைத்தது. உரிமை பிறப்பால் வருவது, அப்பா 2005ல் இருந்தாரா என்பது பொருட்டில்லை, மகள் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தால் போதும். உங்கள் அப்பச்சி 1998ல் தவறியதால் உங்கள் பங்கு போய்விடவில்லை.

எவ்வளவு என்று கேட்பீர்கள். அப்பச்சியையும் பிள்ளைகள் மூவரையும் சேர்த்து ஆளுக்கு நாலில் ஒன்று. அப்பச்சியின் நாலில் ஒன்று ஆத்தாவுக்கும் உங்கள் மூவருக்கும் சமமாகப் போகிறது. ஆத்தாவின் பங்கு அவர்களுக்குப் பிறகு பிள்ளைகள் மூவருக்கும் சமம். கூட்டிப் பாருங்கள், அப்பச்சி பங்கில் உங்களுக்கு மூன்றில் ஒன்று வரும். ஐயாவிடமிருந்து அப்பச்சிக்கு வந்தது பூர்வீகமா, தனிச் சொத்தா என்று எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டி முழக்கக்கூடும். எந்த வழியில் போட்டாலும் உங்களுக்கு அதே மூன்றில் ஒன்றுதான், அதனால் அதற்குக் கலங்க வேண்டாம். 1975 மனையிலும் அப்படியே. அது அப்பச்சியின் சுய சம்பாத்தியம். உயில் இல்லாததால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பாகம். அதில் 1989 என்ற பேச்சே வராது.

இன்னொன்றையும் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். 2005 திருத்தம் வந்தே இருக்காவிட்டாலும் வீட்டில் உங்கள் பங்கு பூஜ்யம் இல்லை. பழைய முறையில் அப்பச்சிக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று; அப்பச்சியின் பாகம் ஆத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் நாலாகப் பிரியும்; ஆத்தா பாகத்திலும் உங்களுக்கு ஒரு பங்கு. மொத்தம் ஒன்பதில் ஒரு பங்கு அப்படியும் உங்களுடையது. "பொண்ணுக்கு ஒன்றுமில்லை" என்பது 1956க்குப் பிறகு எந்த நாளிலும் சட்டமாக இருந்ததில்லை. இருந்தது அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு: குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. பங்கு உண்டு, கேட்கும் உரிமை இல்லை! கல்யாணமாகிக் கணவரோடு வாழும் மகளுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமைகூடத் தரப்படவில்லை. பெண்களுக்குச் சொத்து என்று ஒரு கையால் கொடுத்து, வீட்டுச் சாவியை மட்டும் இன்னொரு கையில் வைத்துக்கொண்டார்கள். செட்டிநாட்டில் பெரிய சொத்து என்பதே வீடுதான் என்பதால் அந்தப் பிரிவு இங்கே மற்ற இடங்களைவிட ஆழமாக வெட்டியது. 2005 திருத்தம் அதை அடியோடு நீக்கிவிட்டது. இப்போது நீங்களே பாகம் கேட்டு வழக்குப் போடலாம்.

கூர்ச்சீட்டு (பாகம் பிரித்ததைக் குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் தாள்) விஷயத்துக்கு வருகிறேன், எதிர்த்தரப்பு உண்மையில் பிடித்துத் தொங்கக்கூடியது அதுதான். 20.12.2004க்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளை 2005 திருத்தம் தொடாது. ஆனால் எந்தப் பாகப்பிரிவினை? முறையாகப் பதிவு செய்த பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பு. பதிவில்லாத கூர்ச்சீட்டு அந்தக் கணக்கில் வராது. வினீதா சர்மா தீர்ப்பு ஒரே ஒரு சந்து விட்டிருக்கிறது: வாய்மொழிப் பிரிவினைக்கு ஆதரவாக அரசு ஆவணங்கள் உறுதியாக இருந்து, பதிவுப் பத்திரத்துக்கு இணையாக நிரூபித்தால், அபூர்வமாக ஏற்கலாம். எனவே 1999க்குப் பின் பட்டா தனித்தனியாக மாறியதா, வீட்டு வரி பிரிந்ததா, அதை வைத்து யாராவது விற்றார்களா என்று பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து எழுதிய தாள் மட்டும்தான் என்றால் பலமில்லை. அப்பச்சி தவறியபின், அவருடைய ஒரு வாரிசை விட்டுவிட்டு மற்றவர்கள் எழுதிக்கொண்டது உங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. பட்டா அவர்கள் பேரில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். பட்டாவால் மட்டும் உரிமை பிறந்துவிடாது.

அறுபது பவுனும் சீரும் பங்குக்கு ஈடு என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது, ஊரில்தான் எடுபடும். பெற்றவர்கள் கல்யாணத்தில் கொடுத்தது உங்கள் சீதனம், அன்பளிப்பு. பாகத்தை முன்கூட்டியே கொடுத்துக் கணக்கு முடித்ததாக ஆகாது. சீர் சாமான் பட்டியலை எடுத்து வீசினாலும் அதில் "பாகத்துக்குப் பதிலாக" என்று ஒரு வரியும் இருக்காது. அதே நியாயத்தில், அண்ணன் தம்பிக்குத் தொழில் வைத்துக் கொடுத்த பணத்தையும் யாரும் கழிப்பதில்லையே.

ஆத்தாவின் நகை அவர்களுக்கே முழு உரிமையான சொத்து. உயில் இல்லாததால் மூன்று பிள்ளைகளுக்கும் சமம். "பெண்ணுக்கு நகை, ஆணுக்கு வீடு" என்பதும் சட்டமில்லை. சாவி தம்பியிடம் இருப்பதால் பொருள் தம்பியுடையது ஆகிவிடாது. நினைவில் இருக்கிற நகை, வெள்ளி, பித்தளை, எனாமல் சாமான் எல்லாவற்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய புகைப்படத்தில் ஆத்தா கழுத்தில் கிடப்பதும் சான்றுதான்.

இப்போது அவசரம் தூணும் நிலையும். பர்மா தேக்குத் தூண் ஒருமுறை பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போய்விட்டால் எந்தத் தீர்ப்பும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. வீட்டில் பொருத்தியிருக்கும்வரை அவை அசையாச் சொத்தின் பகுதி. பங்குதாரர் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் கழற்ற முடியாது. எனவே முதல் வேலையாக அண்ணன், தம்பி, முடிந்தால் வாங்க வந்தவர் மூவருக்கும் வக்கீல் நோட்டீஸ். நிறுத்தவில்லை என்றால் பாக வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும், வீட்டில் இருப்பதைப் பார்த்து எழுதிவர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். இதைக் கேட்டாலே பாதிப்பேர் விலகிவிடுவார்கள், ஓட்டல்காரர்கள் வில்லங்கமுள்ள சொத்தைத் தொட விரும்புவதில்லை. அப்பச்சி வழியில் வந்த பங்கை அண்ணன் தம்பி வெளியாளுக்கு விற்க நினைத்தால், பேசி முடிக்கும் அல்லது நீதிமன்றம் வைக்கும் விலைக்கு அதை வாங்கும் முன்னுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. பங்காளிகளுக்கும் அந்த வீட்டில் பங்கு இருப்பதால் அவர்களையும் வழக்கில் சேர்க்க நேரும். அதைக் கேட்டு அவர்களும் முகம் சுளிப்பார்கள், தயாராக இருங்கள்.

வழக்கு சென்னையில் போட முடியாது. சொத்து இருக்கும் எல்லையில்தான். உங்கள் ஊர் சிவகங்கை மாவட்டமா, புதுக்கோட்டை மாவட்டமா என்பதையும் சொத்து மதிப்பையும் பொறுத்து நீதிமன்றம் மாறும். அலைச்சலுக்காக யாருக்காவது பவர் கொடுப்பதாக இருந்தால் மகளுக்குக் கொடுங்கள், அதிலும் விற்கும் அதிகாரம் வேண்டாம். செலவை நினைத்துத் தயங்கினால் ஒரு விஷயம்: 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வசதியான வீட்டுப் பெண் அங்கே போகலாமா என்று கூச்சப்படுகிறவர்கள் நிறைய. வசதி வீட்டில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. அதை அறிந்துதான் சட்டம் வருமான வரம்பு வைக்கவில்லை.

பிறந்த வீடு போய்விடுமோ என்ற பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு அழைப்பார்களா, மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்பாரா என்பதெல்லாம் உண்மையான இழப்புகள், எந்த நீதிமன்றமும் நஷ்டஈடு தராது. அதனால்தான் நோட்டீஸுக்குப் பிறகு நேரே வழக்குக்குப் போகாமல், சட்டப் பணிகள் குழுவில் சமரச மனு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே பேசி முடித்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிவானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வீட்டில் அறையாகக் கேட்கலாம், பணமாகக் கேட்கலாம், மனையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பங்கை விடலாம். இங்கே பழைய பாகப் பத்திரங்களிலேயே அறைகளைத் தனித்தனியாகவும் முகப்பையும் வளவையும் சாமி வீட்டையும் பொதுவாகவும் வைத்து எழுதும் வழக்கம் உண்டு. குடும்பத்துக்குள் பாகப் பத்திரம் என்றால் முத்திரைத்தீர்வை பங்குக்கு உச்சமாக 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய் என்பதால் அதிகச் செலவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதுவது உங்கள் விருப்பமானால் தாராளமாக எழுதுங்கள். சந்தை விலையை வெளியாள் ஒருவரை வைத்து மதிப்பிட்டு, பணத்தை வங்கி வழியாக வாங்கி, தொகையைப் பத்திரத்தில் எழுதி, அதன்பிறகு. "அன்பின் பேரில்" என்று எழுதியிருந்தால் கையெழுத்தை நிறுத்துங்கள்.

சமரசம் பேசும்போதும் காலக்கெடுவை மறக்க வேண்டாம். பங்கிலிருந்து விலக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கூர்ச்சீட்டு பற்றி எப்போது முதன்முதலில் கேள்விப்பட்டீர்கள் என்பதை உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கையோடு வில்லங்கச் சான்று, 1975 மனைப் பத்திர நகல், அப்பச்சி, ஆத்தா இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை வாங்குங்கள். உங்கள் பெயர் இல்லாமல் வாரிசுச் சான்று எடுத்திருந்தால் வட்டாட்சியரிடம் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். பங்கு கைக்கு வந்ததும் மகள் பேருக்கு ஓர் உயில் எழுதிவிடுங்கள். மகள் இருப்பதால் இன்றைக்கு உங்களுக்குச் சிக்கல் வராது. ஆனால் பிள்ளையில்லாத பெண் தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லாவிட்டால், பெற்ற தாய்க்கு முன் கணவரின் வாரிசுகளுக்குப் போகும் என்ற இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது, உங்கள் மகளிடமும் சொல்லி வையுங்கள்.