கொரோனா நேரம் வெளிநாடு போகேக்க பிசிஆர் (மூக்கில குச்சி விட்டுப் பாக்கிற கொரோனா ரெஸ்ற்), ஊசி அட்டை அலுவல்களை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?

நான் 2022 பெப்ரவரி தொடக்கத்தில அம்மாவக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சி தர்மபுரத்தில இருந்து ரொறன்ரோ போனனான், தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு, தான் பக்கத்தில நிக்கோணும் எண்டு அம்மா ஒரே அழுகை. விசா முதலே வந்திட்டுது, ஆனா போகேலாமக் கிடந்தது, ஏனெண்டா கிளிநொச்சியில எங்களுக்குப் போட்டது ரெண்டும் சினோபாம் எண்ட சீன ஊசி. ரெண்டு ஊசியும் போட்ட வெளிநாட்டுக்காரரை கனடா 2021 செப்டெம்பர் 7 இல இருந்து விட்டது உண்மை, ஆனா அந்த லிஸ்ற்றில சினோபாம் இல்ல, நவம்பர் 30 இல தான் சேர்த்தவங்கள். ஊசி போட்டாச்சு எண்டு ஓடிப்போய் ரிக்கெட் போடேலாது, போற நாடு அந்த ஊசிய ஏற்குதா எண்டு அப்ப முதல் பாக்கோணுமா இருந்தது.

அடுத்தது 72 மணித்தியாலம். அப்ப கனடாவுக்கு 72 மணித்தியாலத்துக்குள்ள எடுத்த பிசிஆர் நெகற்றிவ் வேணும், ஆனா எதில இருந்து எண்ணுறது? ரிக்கெட் போட்டவர் கொழும்பில பிளேன் வெளிக்கிடுற நேரத்தில இருந்து எண்டார். பிளேன் வெள்ளி பின்னேரம் 7 மணிக்கு, அப்ப செவ்வாய் இரவு 8 மணிக்குக் குடுத்தாலும் காணும் எண்டது அவற்ற கணக்கு. தங்கச்சி கனடா அரசாங்கத்தின்ர பக்கத்த வாசிச்சுப்போட்டு, "இல்லயண்ணா, மாறி வாறதெண்டா கடைசியா கனடாவுக்கு நேர வெளிக்கிடுற பிளேன்ல இருந்து தான் எண்ணோணும்" எண்டாள். நாங்கள் பிளேன் மாறினது துபாயில, அங்க இருந்து வெளிக்கிடுறது சனி விடிய 3.30, எங்கட நேரத்துக்கு 5 மணி. அதில இருந்து பின்னால எண்ணினா புதன் விடிய 5 மணிக்குப் பிறகு தான் எடுக்கலாம், செவ்வாய் இரவு குடுத்திருந்தா ரெண்டு பேற்ற ரிசல்ற்றும் செல்லாது. ரிசல்ற் வந்த நேரம் இல்ல, மூக்கில குச்சி விட்ட நேரம் தான் அப்ப கணக்கு. நாங்கள் செவ்வாய் இரவு பஸ் ஏறி, விடிய கொழும்பு வெள்ளவத்தையில இறங்கி, 8 மணிக்குக் குடுத்தம், வியாழன் ரிசல்ற் வந்தது. அதில அம்மாட பிறந்த வருசம் பிழை! பாத்தவுடன ஓடிப்போய்த் திருத்தினது, பிளேன் ஏறப் போற இடத்தில கண்டிருந்தா என்ன செய்திருப்பன் எண்டு இப்பவும் நெஞ்சு பதறும்.

எங்கட சனத்துக்குப் பெரிய தலையிடி பேர் தான். பாஸ்போட்டில தகப்பன்ர பேர் முழுசா நிக்கும், ஊசி அட்டையில, பள்ளிக்கூடத்தில ஊசி போடேக்க மேசையில இருந்து எழுதின பிள்ளை முதலெழுத்தோட விட்டிருக்கும். அதோட 2009 இல சண்டைக்குள்ள எல்லாத்தையும் விட்டிட்டு வெளிய வந்த குடும்பங்கள் நாங்கள், பிறகு கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) எடுத்த பிறப்புப் பத்திரத்தில ஒரு எழுத்து, ஐடென்ரிகாட்டில இன்னொரு எழுத்து. அம்மாக்கு இதுகளச் சரிப்படுத்தவே ஒரு மாசம் போச்சு. ஊசிக்கு, பாஸ்போட் இலக்கம் போட்ட கியூஆர் சான்றிதழ சுகாதார அமைச்சின்ர இணையத்தில கேட்டு எடுத்தம், எம்ஓஎச் ஒபிசுக்கும் (சுகாதார வைத்திய அதிகாரியின்ர ஒபிஸ்) ரெண்டு தரம் நடந்தனான், அங்க வேலை செய்த பிள்ளையள் பொறுமையா உதவினவை.

அப்ப அரைவ்கான் எண்ட கனடா அரசாங்கத்தின்ர அப்பில, போய் இறங்க முதல் 72 மணித்தியாலத்துக்குள்ள விபரம் நிரப்போணுமா இருந்தது. அம்மாட்ட போன் இல்ல, அதால என்ர போனிலயே அவவையும் சேர்த்து நிரப்பிப்போட்டு எல்லாத்தையும் பிரின்ற் எடுத்து வச்சனான். பிளேன் மாறுற நாட்டுக்கும் தனி விதி இருக்கலாம், அதையும் கேளுங்கோ. சொந்தக்காரர் வட்ஸ்அப்பில சொல்லுறது அவையள் போன மாசத்து விதி, நம்பாதேங்கோ.

இறங்கின பிறகும் ஒரு ரெஸ்ற் எடுத்து, ரிசல்ற் வருமட்டும் தனிய இருக்கச் சொன்னவங்கள். அம்மா மூண்டு நாள் பேஸ்மென்ற்றில, தங்கச்சி மேல படியில வயித்தப் பிடிச்சுக்கொண்டு இருந்து கதைச்சாள். பிள்ளைப்பேறு, கலியாணம் எண்டு போறவை குறைஞ்சது ரெண்டு கிழமை முந்திப் போற மாதிரி ரிக்கெட்டப் போடுங்கோ.