பகடை அக்கா பதில்கள்: டிரேக்கின் வாய் யாரிடம்?

அக்கா, பிரிக்பீல்ட்ஸில் நண்பன் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை இரவு ஐந்து பேர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நகர்த்தும் விளையாட்டு. என் பாத்திரம் ரேஞ்சர், அதாவது காட்டு வீரன்; அதிலும் டிரேக்கை வளர்க்கும் டிரேக்வார்டன் வகை. சின்ன டிராகன் மாதிரி ஒரு டிரேக் என் கூடவே வருகிறது. சண்டை என்றால் கடிக்கும். மற்ற நேரம் அது இருப்பதையே எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நடித்துக் காட்டலாம் என்று நானே கேள்வி கேட்டு நானே டிரேக் குரலில் பதில் சொன்னால், "நீ பேசி முடி, நாங்க கீழே போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு வர்றோம்" என்று கிண்டல். என்ன செய்வது?
– சிறகில்லாதவன், பிரிக்பீல்ட்ஸ்

தம்பி, உங்கள் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் தன்னோடு தானே பேசிக்கொள்வதை எவ்வளவு நேரம்தான் கேட்பது? டிரேக்கின் வாயைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பகடை உங்களிடம் இருக்கட்டும், பேச்சு அவரிடம் போகட்டும்.

கதை நடத்தும் டிஎம்மிடமே கொடுக்கலாமே என்பீர்கள். வேண்டாம். சத்திரக்காரர், காவல்காரர், பூதம் என்று அவர் ஏற்கெனவே ஊரையே சுமக்கிறார். அதோடு, டிஎம் வாயால் டிரேக் "இடது பக்கம் போகலாமா?" என்று கேட்டால் போதும், குறிப்பு கிடைத்துவிட்டது என்று மொத்தக் கூட்டமும் இடது பக்கம் ஓடும்.

செந்தூலில் நான் டிஎம்மாகக் கதை நடத்தும் மேசையில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் ரேஞ்சராக ஆடுகிறார். அவருடைய டிரேக்குக்குப் பேசுவது தாதிமைப் படிப்பு படிக்கும் ஒரு பெண். தன் சொந்தக் கேரக்டராக ஒரு வாக்கியம் பேசக்கூடக் கூச்சப்படுவாள். டிரேக் உனக்கு என்றதும் தோட்டத்தில் வளர்ந்த தன் பாட்டியை அப்படியே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். முகாமில் யாராவது புரண்டு படுத்தால், "பெரட்டுக்கு நேரமாச்சு, எழும்புங்கடா!" குகை வாசலில், "உள்ளே கிராணி இருக்கானான்னு பாத்துட்டுப் போ." (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது, கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை.) விதிப்படி டிரேக்குக்கு டிராகன் மொழி மட்டும்தான் தெரியும். நாங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பாட்டியை மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்க முடியுமா?

அப்புறம், டிரேக்குக்கென்று ஓர் ஆசை வேண்டும். உங்களுக்கு உதவுவது அதன் வேலை, அதை ஆசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் டிரேக்குக்கு உப்புப் பைத்தியம். பாதாள அறையில் எல்லாரும் மூச்சை அடக்கி நடக்கும்போது அது நின்று சுவரை நக்கும். ஒருமுறை அந்தச் சத்தத்திலேயே மாட்டிக்கொண்டு அடி வாங்கினார்கள். இன்னொரு முறை, "இந்தக் கல்லு மட்டும் சப்புன்னு இருக்கு" என்றது. தட்டிப் பார்த்தால் உள்ளே ரகசியக் கதவு. அந்தக் கதவை நான் அங்கே வைத்திருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் வைத்தேன். இது நமக்குள் இருக்கட்டும்.

விதியிலேயே நடிக்க நிறைய இடம் இருக்கிறது. டிரேக்வார்டன் வெளிவந்தது 2021இல். சண்டையில் உங்கள் முறை முடிந்ததும் டிரேக்கின் முறை. உங்கள் முறையில் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்து ஏவினால்தான் அது தாக்கும். ஏவாவிட்டால் நகரும், தன்னைத் தற்காத்துக்கொள்ளும், அவ்வளவே. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் அதைச் சாவி கொடுத்த பொம்மையாக்கிவிடுகிறார்கள். ஏவுவது உங்கள் உரிமை, சரி. முனகிக்கொண்டே கடித்ததா, ஆசையோடு பாய்ந்ததா என்பதைப் பக்கத்து நாற்காலி சொல்லட்டும்.

7ஆம் லெவலில் அதற்குச் சிறகு முளைக்கிறது. 40 அடி பறக்கும். அதன் முதுகிலும் ஏறலாம். ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்தால் அதனால் பறக்க முடியாது; 15ஆம் லெவலில் உடம்பு பெருத்த பிறகுதான் ஆளோடு பறக்கும். நடுவில் உள்ள அத்தனை லெவலிலும் உங்களைத் தூக்கச் சக்தியில்லை என்று ஒரு டிரேக் வாய்விட்டு ஒப்புக்கொள்ளுமா? "இன்னிக்குக் காத்து சரியில்ல" என்கிறது எங்கள் டிரேக். ஒவ்வொரு நாளும் காற்று சரியில்லை.

இன்னொன்று, செத்த டிரேக்கை மந்திரம் போட உங்களுக்குள்ள வாய்ப்புகளில் ஒன்றை, அதாவது ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, செலவழித்துத் திரும்ப அழைக்கலாம். பலர் தாளில் எண்ணை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தான் சாகும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று அதற்கு நினைவிருக்காதா? லாரித் தம்பி அதை ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவே விட்டுவிட்டு மரத்தில் ஏறியவர். மறுபடி அழைத்தபோது டிரேக் அவர் பக்கமே திரும்பவில்லை. மந்திரவாதியிடம் போய், "உப்பு இருக்காம்மா?" என்று கேட்டது. அன்று முழுக்க அவர் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து சாப்பிடப் போன ஆள் ஒருவரும் இல்லை.

என் 15 வயது மகன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீறுகிறான். கேட்டால், "நான் டிராகன், பயிற்சி பண்றேன்" என்கிறான். ஏதோ பிடித்திருக்கிறது என்று மாமியார் தினமும் திருநீறு பூசுகிறார். எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், செராஸ்

பயப்படாதீர்கள் அம்மா. இது 1974இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசுவார்கள். சந்தேகமான இடத்தில் 20 பக்கப் பகடையை உருட்டுவார்கள். 1980களில் அங்கேயும் சில பெற்றோர் இதைப் பேய் வழிபாடு என்று பெரிய கூச்சல் போட்டார்கள். ஆடிய பிள்ளைகள் வளர்ந்து இப்போது தங்கள் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள். மாமியாரிடம் கோவில் தூணில் நிற்கும் யாளியை எந்தக் காட்டில் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். திருநீறு பூசட்டும், கெடுதல் இல்லை. ஆனால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சீறக்கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

டிராகன் குரலில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிடுகிறது. வழி சொல்லுங்கள்.
– கரகரப்பான், கெப்போங்

குரலை விடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். பதில் சொல்லும் முன் ஒரு மூச்சு இழுத்துவிட்டு எதிராளியைப் பாருங்கள். வயதான டிராகன் 800 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது, அதற்கு என்ன அவசரம்? குட்டி டிராகன் என்றால் நேர் எதிராக, பேசுபவரை முடிக்கவே விடாதீர்கள்.

பினாங்கில் ஆடுகிறோம். இங்குள்ள சீனக் குல மாளிகையான கூ கோங்சியின் கூரையில் இருக்கிற மாதிரி சிறகில்லாத டிராகன்தான் எனக்குத் துணையாக வேண்டும். விதியில் இல்லை என்று டிஎம் மறுக்கிறார்.
– ஜார்ஜ் டவுன் வாசகி

விதிக்கு வேண்டியது எவ்வளவு தூரம் பறக்கும் என்ற எண் மட்டும்தானே? சிறகு இல்லாமல் நெளிந்து பறந்தது என்று சொன்னால் எந்தக் கணக்கு மாறப்போகிறது? அந்தக் கூரையைப் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டி அலங்கரித்திருக்கிறார்கள். உங்கள் டிரேக்கின் செதிலும் அப்படியே வெயிலில் மின்னட்டும். சீன டிராகன் மழைக்கும் தண்ணீருக்கும் உரியது. எனவே டிரேக்கை அழைக்கும்போது அதன் தாக்கும் சக்தியாக நெருப்பைத் தவிர்த்து மின்னலையோ குளிரையோ தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. மேசையில் சீன நண்பர்கள் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள், நான் சொல்வதைவிட அதிகம் சொல்வார்கள்.

ஆசைக்கும் நீங்கள் அலைய வேண்டாம். சீன ஓவியங்களில் டிராகன் பல நேரம் ஒரு முத்தைத் துரத்திக்கொண்டிருக்கும். அந்த முத்து இப்போது யாரிடம் இருக்கிறது என்று உங்கள் டிஎம்மிடமே கேளுங்கள். கதைக்குக் கரு கிடைத்த சந்தோஷத்தில் சிறகை மறந்துவிடுவார்.